பெட்டிக்குள் பூச்சியம்: ஐஸில் வைத்த சென்சரை எப்போது நம்பலாம்

மீன் போட்ட ரெஜிபோம் பெட்டி ஒன்றுக்குள் ஒரு டிஎஸ்18பி20 வெப்பநிலைச் சென்சரை இறக்கி, வயரை வெளியே எடுத்து, மூடியில் ஒரு சின்னத் திரையைப் பொருத்தியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் 0.00 என்று நிற்கிறது. திருகோணமலையின் கொட்பே துறைமுகத்தில் ஏறிய பெட்டி கொழும்பில் இறங்கும்வரை அந்த எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள்.

அந்த 0.00 வருவதற்கு நாலு வழி உண்டு. உண்மையிலேயே பெட்டிக்குள் பூச்சியம் பாகையாக இருக்கலாம். டேட்டா வயரில் உப்புத்தண்ணி கசிந்து, சென்சர் எதுவும் சொல்லாமலே எல்லாம் பூச்சியமாக வாசிக்கப்பட்டிருக்கலாம். சென்சர் நேற்றே செத்திருக்க, திரை மட்டும் கடைசியாகக் கிடைத்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். சென்சர் ஐஸ் உருகிய தண்ணிக்குள் கிடந்து பூச்சியம் காட்ட, மேலடுக்கு மீன் பத்துப் பாகையில் கெட்டுக்கொண்டிருக்கலாம்.

கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி 37.5 பாகையில் இருக்க வேண்டும். அங்கே சென்சர் பூச்சியம் காட்டினால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஏதோ பிழை என்று. ஐஸ் பெட்டியில் அப்படி இல்லை. பிழை காட்டும் எண்ணும் நாம் எதிர்பார்க்கும் எண்ணும் ஒன்றேதான். திருகோணமலையில் இந்தச் சென்சரை வைத்து ஏதாவது செய்ய நினைக்கும் பலருக்கும் முதலில் தோன்றுவது மீனும் ஐஸும்தான். அதனால் இந்த ஒரு விஷயத்தை ஆழமாகப் பார்ப்பது நல்லது. சூரை போன்ற மீன் சூட்டில் கிடந்தால் அதில் ஹிஸ்டமீன் என்ற நச்சுப் பொருள் உண்டாகும். உண்டானபின் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. ஒரு எண்ணைத் தவறாக நம்புவதன் விலை சிலவேளை அடுத்தவர் வயிற்றில் போய் விழும்.

ஒன்பது பைட்டுகள்

டிஎஸ்18பி20 வெப்பநிலையை மட்டும் அனுப்புவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒன்பது பைட் அனுப்பும். முதல் இரண்டும் வெப்பநிலை. மூன்றாவதும் நாலாவதும் மேல், கீழ் அலார எல்லைகள். ஐந்தாவது, எத்தனை பிட் துல்லியத்தில் அளக்கிறது என்ற அமைப்பு. அடுத்த மூன்றும் சென்சர் தனக்கென வைத்திருப்பவை. ஒன்பதாவது சிஆர்சி: முந்தைய எட்டையும் கணக்குப் பார்த்துச் சரிபிழை சொல்லும் பைட்.

சிஆர்சி பார்த்துவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எட்டுப் பூச்சியங்களுக்கு இந்தச் சிஆர்சி கணக்குப் போட்டால் விடையும் பூச்சியம்தான். அதாவது டேட்டா வயர் இடையில் தரை (கிரவுண்ட்) வயரோடு ஒட்டி ஒன்பது பைட்டும் பூச்சியமாக வந்தால், சிஆர்சி சோதனை அதைச் "சரி" என்று உள்ளே விட்டுவிடும். திரையில் 0.00. ஆர்டுயினோ போர்டுகளில் பலரும் பாவிக்கும் லைப்ரரியின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) புதிய பதிப்புகள் இதைத் தனியாகச் சோதிக்கின்றன. பழைய பதிப்புகளும், இணையத்தில் அங்கிங்கே எடுத்து ஒட்டிய நிரல்களும் பெரும்பாலும் சோதிப்பதில்லை.

மருந்து மிக எளியது. ஐந்தாவது பைட்டைப் பாருங்கள். 12 பிட்டில் ஓடும் சென்சரில் அது, பதினாறை அடியாகக் கொண்ட ஹெக்ஸ் முறையில், 7எஃப் ஆகத்தான் இருக்கும், 9 பிட்டில் 1எஃப். எந்த அமைப்பிலும் அதன் கடைசி ஐந்து பிட்டும் ஒன்றாகவே நிற்கும். ஆகவே உண்மையான பூச்சியம் பாகையில் முதல் இரண்டு பைட் பூச்சியமாக இருந்தாலும் ஐந்தாவது பைட் 7எஃப் என்று எழுந்து நிற்கும். பொய்ப் பூச்சியத்தில் அதுவும் படுத்திருக்கும். நிரலில் ஒரே ஒரு வரி: ஐந்தாவது பைட் 7எஃப் இல்லையென்றால் அந்த வாசிப்பைக் குப்பையில் போடு.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு. வயர் அறுந்து எல்லாப் பிட்டும் ஒன்றாக வாசிக்கப்பட்டால் வெப்பநிலை −0.0625 என்று வரும். ஒரு தசமத்துக்குச் சுருக்கிக் காட்டும் திரையில் அது −0.1. ஐஸ் பெட்டியில் அதைப் பார்த்து யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நல்லவேளையாக இதைச் சிஆர்சி பிடித்துவிடும். ஆனால் சிஆர்சியே பார்க்காத நிரல்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன.

85 பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். சென்சருக்குக் கறன்ட் வந்ததும் அதன் நினைவில் முதலில் இருப்பது 85.00 பாகை. அளக்கச் சொன்னபின் 12 பிட்டில் 750 மில்லி செக்கன் பொறுக்க வேண்டும். பொறுக்காமல் வாசித்தாலோ, அளக்கும் நடுவில் கறன்ட் ஒருகணம் விட்டுப் போனாலோ 85 வரும். ஐஸ் பெட்டியில் 85 வந்தால் கண்டுபிடிப்பது எளிது. மீன் கருவாடாகக் காயும் அறையிலோ கூரைமேல் வைத்த சுடுதண்ணித் தாங்கியிலோ அது அவ்வளவு எளிதல்ல. அங்கே ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. தொடக்கத்தில் மேல், கீழ் அலார எல்லைகளில் உங்களுக்குத் தெரிந்த இரண்டு எண்களை 4இ கட்டளையால் எழுதுங்கள். 48 கட்டளையால் அவற்றை நிரந்தர நினைவில் சேமிக்காதீர்கள். சென்சர் இடையில் கறன்ட் இழந்து மீண்டால் பழைய எண்கள் திரும்பி வந்திருக்கும். மூன்றாம் நாலாம் பைட்டுகள் மாறியிருந்தால், அந்த 85 வெறும் விழிப்பு எண் என்று உறுதியாகத் தெரிந்துவிடும்.

நிரந்தர நினைவு என்றதும் இன்னொன்று. துல்லியத்தை அமைக்கும் கட்டளையைச் சிலர் ஒவ்வொரு வாசிப்புக்கும் முன் கூப்பிடுகிறார்கள். லைப்ரரியைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் அது நிரந்தர நினைவில் எழுதக்கூடும். அந்த நினைவுக்கு உறுதியளித்திருப்பது 50,000 எழுத்துகள்தான். அரை நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினால் மூன்று வாரத்துக்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும். தொடக்கத்தில் ஒருமுறை அமைத்துவிட்டு விட்டுவிடுங்கள்.

உப்பும் களிம்பும்

சந்தையில் கிடைக்கும் "வாட்டர்ப்ரூஃப்" சென்சர் 6 மில்லிமீற்றர் தடிப்பும் 50 மில்லிமீற்றர் நீளமும் உள்ள உருக்குக் குழாய். குழாய்க்குள் தண்ணி போகாது என்பது சரி. வயர் உள்ளே நுழையும் வாய்தான் பலவீனம். அதைவிடப் பலவீனம், மறுமுனையில் வெட்டித் திறந்திருக்கும் வயரின் வாய். உறைக்கும் உள்வயர்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு திரி போல வேலை செய்யும். திறந்த முனை ஈரப் பெட்டிக்குள் கிடந்தால் தண்ணி வயர் வழியாகவே ஊர்ந்து சென்சருக்குப் போய்ச் சேரும்.

கசிவு என்ன செய்யும் என்பதை எண்களோடு பார்ப்போம். டேட்டா வயரை 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கிறது. மஞ்சள் (டேட்டா) வயருக்கும் கறுப்பு (தரை) வயருக்கும் நடுவில் உப்பு ஈரம் சேர்ந்து 10 கிலோ ஓம் அளவில் ஒரு வழி உண்டாகிவிட்டது என்று வையுங்கள். இப்போது வயர் ஓய்வாக இருக்கும்போதே அதில் இருப்பது 2.24 வோல்ட் மட்டும். ஒன்று என்று ஏற்க, சென்சரை வாசிக்கும் இஎஸ்பி32 போர்டுக்கு ஏறக்குறைய 2.48 வோல்ட் வேண்டும். சென்சருக்கோ 2.2 போதும். அதாவது சென்சர் சரியாகப் பேசிக்கொண்டிருக்கும், கேட்கிற பக்கத்துக்குத்தான் காது கேட்காது. ஈரம் காய்ந்தால் சரியாகும், நனைந்தால் மீண்டும் போகும். "காலையில் வேலை செய்தது, மத்தியானம் இல்லை" என்ற வகைப் பிழைகளுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். மீற்றர் ஒன்றால் டேட்டா வயரின் ஓய்வு வோல்ட்டை அளந்து பாருங்கள். 3.3க்குக் கிட்ட இல்லையென்றால் நிரலைத் திருத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். கசிவைத் தேடுங்கள்.

செய்ய வேண்டியவை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்து ஒட்டி, உள்ளே பசை உள்ள ஹீட்-ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். பசை இல்லாத சாதாரணக் குழாய் கறன்டுக்குத்தான் காப்பு, தண்ணிக்கு இல்லை. குழாயின் வாய்க்குச் சிலிக்கன் பூசுவதென்றால் வினாகிரி மணம் வருகிற வகை வேண்டாம். அது காயும்போது விடும் அமிலம் செம்பைத் தின்னும். மணமற்ற நடுநிலை வகையைக் கேட்டு வாங்குங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் வயரைக் கீழ்ப்பக்கமாக நுழையுங்கள். நுழையும் முன் வயர் ஒரு வளைவாகத் தொங்கட்டும். குளிர்ந்த வயரின்மேல் பூக்கும் வியர்வை அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது. வாடைக்காற்று வீசி மழை விடாமல் பெய்யும் மாதங்களில் இந்த ஒரு வளைவு பல போர்டுகளைக் காப்பாற்றும்.

பிரெட்போர்டும் அதில் குத்தும் ஜம்பர் வயரும் மேசையில் பழகுவதற்கு நல்லவை. கடலோரத்தில் நிரந்தரமாக வைத்தால் கொஞ்ச நாளிலேயே தகடுகளில் களிம்பு பிடிக்கும், தொடுகை போகும்.

வயரும் கறன்டும்

இந்தச் சென்சருக்கு இரண்டு வயரிலும் வேலை செய்யத் தெரியும். டேட்டா வயரிலிருந்தே கறன்டைத் திருடிக்கொள்ளும். தயவுசெய்து அந்த வழியை மறந்துவிடுங்கள். அளக்கும்போது 1.5 மில்லி அம்பியர்வரை அதற்கு வேண்டும். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அவ்வளவு வராது. போலிச் சென்சர்கள் சிலவற்றுக்கு அந்த வழி வேலையே செய்யாது. மூன்று வயர் போடுங்கள்.

இஎஸ்பி32 பாவிப்பவர்கள் சென்சருக்கு 5 வோல்ட் கொடுத்து, டேட்டா வயரை மட்டும் 3.3 வோல்ட்டுக்கு இழுக்கலாம். சென்சர் ஓடக் குறைந்தது 3.0 வோல்ட் வேண்டும். 3.3 கொடுத்தால் நீண்ட வயரில் விழும் வோல்ட்டுக்கு இடமே இல்லை. ரெசிஸ்டரை மறந்தும் 5 வோல்ட்டோடு இணைக்க வேண்டாம், போர்டு அதைத் தாங்காது. 34 முதல் 39 வரையான பின்களையும் விட்டுவிடுங்கள். அவை கேட்கும், பேசாது. இந்தச் சென்சருக்கு இரண்டும் வேண்டும்.

சில மீற்றர் தூரத்துக்கு 4.7 கிலோ ஓம் நன்றாக ஓடும். முப்பது மீற்றர் என்றால் 2.2 கிலோ ஓமுக்கு இறங்குங்கள். 1 கிலோ ஓமுக்குக் கீழே போகாதீர்கள், ஏனென்றால் வயரைக் கீழே இழுக்கச் சென்சருக்கு உறுதிசெய்யப்பட்ட பலம் 4 மில்லி அம்பியர்தான். தூரத்துக்கு லேன் கேபிள் நல்லது: ஒரு சோடியில் டேட்டாவும் தரையும், இன்னொரு சோடியில் 5 வோல்ட்டும் தரையும். மற்றவற்றை எங்கும் இணைக்காமல் விடுங்கள். பல சென்சர்கள் இருந்தால் ஒரே வயரில் வரிசையாகக் கோர்த்துவிடுங்கள். நடுவிலிருந்து நாலு பக்கம் கிளை பிரித்தால் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் சைகை மோதித் திரும்பி வந்து குழப்பும். ஒவ்வொரு சென்சருக்கும் பக்கத்தில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் 100 நானோ ஃபரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள்.

வயரின் நிறத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. கறன்டுக்குச் சிவப்பு, டேட்டாவுக்கு மஞ்சள், தரைக்குக் கறுப்பு என்பது வழக்கம்தான், விதி இல்லை. தலைகீழாகக் கறன்ட் போனால் சென்சர் கை பொறுக்காத அளவுக்குச் சுடும். உடனே கழற்றுங்கள்.

ஐஸ் வைத்துப் பிடிப்பது

12 பிட்டில் இந்தச் சென்சர் 0.0625 பாகைப் படிகளில் பேசும். அவ்வளவு நுணுக்கமாகப் பேசுவதால் அவ்வளவு சரியாகப் பேசுகிறது என்று ஆகாது. −10 முதல் 85 பாகைவரை அது ±0.5 பாகைக்குள் இருக்கும் என்பதுதான் தயாரிப்பாளர் தரும் உறுதி. கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளை நினைத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒன்றின் சூடு மற்றதிலிருந்து சற்று வேறு. ஏழு கிணற்றுக்கு ஏழு புதிய சென்சர் கொண்டுபோனால், நீங்கள் அளப்பது கிணறுகளின் வித்தியாசத்தையா, சென்சர்களின் வித்தியாசத்தையா என்று பிரிக்க முடியாது. ஒரே சென்சரை ஏழிலும் ஆறுதலாக வைத்து எடுத்தால், அதன் பிழை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் எது கூடச் சூடு என்று துணிந்து சொல்லலாம்.

ஏழு சென்சர்தான் வேண்டும் என்றால் முதலில் ஐஸில் வைத்து ஒவ்வொன்றின் பிழையையும் பிடிக்க வேண்டும். குடிதண்ணியில் செய்த ஐஸை மாவு போல நொறுக்கி, சுடுதண்ணிப் போத்தலை அதனால் நிரப்புங்கள். பிறகு இடைவெளி நிறையும்வரை மட்டும் குளிர்ந்த குடிதண்ணி ஊற்றுங்கள். சென்சர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி நடுவில் இறக்குங்கள். குழாய் முழுவதும் மட்டுமல்ல, அதற்குமேல் பத்துப் பதினைந்து சென்ரிமீற்றர் வயரும் ஐஸுக்குள் இருக்கட்டும். வயரின் செம்பு வெளிச்சூட்டைக் கொண்டுவந்து குழாய்க்குள் கொடுக்கும். இடைக்கிடை கலக்கி, கால் மணித்தியாலம் பொறுத்து, ஒவ்வொன்றிலும் இருபது வாசிப்பு எடுத்துச் சராசரி பாருங்கள். ஒன்று 0.31 காட்டினால் அதற்குரிய திருத்தம் −0.31. அதை அந்தச் சென்சரின் 64 பிட் முகவரியோடு சேர்த்து எழுதிவையுங்கள். முகவரியை ஒரு கடதாசித் துண்டில் எழுதி வயரில் சுற்றி, ஒளி புகும் ஹீட்-ஷ்ரிங்க்கால் மூடினால் பிறகு மாறிப்போகாது.

இதில் இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். ஒரு கிளாஸ் தண்ணியில் நாலு ஐஸ் கட்டியை மிதக்கவிட்டு, சென்சரை அடியில் போடுவது ஒன்று. தண்ணி நாலு பாகையில்தான் கூட அடர்த்தி. அந்தத் தண்ணி அடியில் போய்த் தங்கும். மேலே ஐஸ் மிதக்க, கீழே சென்சர் நாலுக்குக் கிட்டக் காட்டும், நீங்கள் நல்ல சென்சருக்குப் பிழையான திருத்தம் எழுதிவிடுவீர்கள். மற்றது, படகு ஐஸை அப்படியே எடுப்பது. கடல் தண்ணி உறைவது −1.9 பாகையில். உப்புக் கலந்த ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது புள்ளி வேண்டுமென்றால், அதே போத்தலில் 37 பாகை அளவில் வெதுவெதுப்பான தண்ணி ஊற்றி, காய்ச்சல் பார்க்கும் டிஜிற்றல் வெப்பமானியோடு ஒப்பிடலாம். அது கண்ட உச்சத்தையே பிடித்துவைக்கும் என்பதால் இரண்டையும் ஒன்றாக இறக்கி, உடனே வாசியுங்கள். கொதிதண்ணியில் போட வேண்டாம், வயரின் பிவிசி உறையும் உள்ளே இருக்கும் பசையும் இளகும்.

போலிகளைப் பற்றிச் சுருக்கமாக. உண்மையான சென்சரின் முகவரி 28 என்று தொடங்கி, நாலு பைட் மாறி, பிறகு 00 00 என்று வந்து, சிஆர்சியில் முடியும். அந்த இரண்டு பூச்சியப் பைட்டும் இல்லையென்றால் கையில் இருப்பது வேறு யாரோ செய்தது. போலி எல்லாம் கெட்டது என்று சொல்லமாட்டேன், பலவும் ஐஸில் நன்றாகவே நிற்கும். ஆனால் தயாரிப்பாளரின் ±0.5 உறுதி அதற்கு இல்லை. ஒவ்வொன்றையும் நீங்களே பிடித்துப் பார்த்தாக வேண்டும்.

சென்சரை எங்கே வைப்பது

ஐஸ் உருகி முடியும்வரை அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எதுவும் பூச்சியத்திலேயே நிற்கும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோ ஜூல் வேண்டும். அவ்வளவையும் குடித்து முடிக்கும்வரை வெப்பநிலை அசையாது. ஆகவே ஐஸுக்குள் வைத்த சென்சர், கடைசிக் கட்டி உருகும்வரை "எல்லாம் நலம்" என்று சொல்லிவிட்டு, உருகியபின்தான் ஏறத் தொடங்கும். எச்சரிக்கை கிடைக்கும்போது காரியம் கைமீறியிருக்கும்.

சென்சர் இருக்க வேண்டிய இடம் மேலடுக்கு மீன்களின் நடுவில், ஐஸை நேரே தொடாமல். பெட்டியில் கடைசியாகக் குளிர்வதும் முதலில் சூடேறுவதும் அந்த இடம்தான். முடிந்தால் இரண்டு போடுங்கள், மேலே ஒன்று, அடியில் ஒன்று. இரண்டும் ஒட்டி நின்றால் ஐஸ் போதும். மேலது மட்டும் ஏறத் தொடங்கினால் ஐஸ் சேர்க்க இன்னும் நேரம் இருக்கிறது. எவ்வளவு சேர்ப்பது என்று கேட்டால், 30 பாகையில் உள்ள பத்துக் கிலோ மீனைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர மட்டும் மூன்று கிலோவுக்குச் சற்று மேலே ஐஸ் செலவாகும். கச்சான் காற்று அனலாக அடிக்கும் ஒரு மத்தியானத்தில் பெட்டியின் சுவரும் மூடியும் உள்ளே விடும் சூடு அதற்குமேல்.

காற்றின் வெப்பநிலையை அளப்பது வேறு வேலை. அங்கே பெரிய எதிரி வெயில். தகரத்தில் ஒட்டிய சென்சர் காற்றைச் சொல்லாது, தகரத்தைத்தான் சொல்லும். வெள்ளை அடித்த, காற்றோட்டமுள்ள மறைப்புக்குள் வையுங்கள், செக்கனுக்குச் செக்கன் வாசித்துச் சென்சரைத் தன் சூட்டிலேயே வேக விடாதீர்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை தாராளம்.

நிரலில் மிஞ்சியிருப்பது ஒன்று. ஒரு வாசிப்புத் தவறினால் மூன்று முறை மீண்டும் கேளுங்கள். குளிர்பெட்டியின் கொம்பிறசர் தொடங்கும் கணத்திலோ வைஃபை வேலை செய்யும் கணத்திலோ ஒரு வாசிப்புக் கெடுவது இயல்பு. மூன்றும் தவறினால் பழைய எண்ணைத் திரையில் விட்டுவைக்காதீர்கள். அழித்துவிட்டு இரண்டு கோடு காட்டுங்கள், மணியை அடியுங்கள்.

பெட்டியை ஒருவர் கையில் கொடுக்கும் முன் அதை ஐஸில் வைத்தபடியே மூன்று வயரையும் ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பாருங்கள். மஞ்சள் வயரைக் கழற்றுங்கள்: கோடுகள் வர வேண்டும். மஞ்சளையும் கறுப்பையும் வாசிப்பின் நடுவில் தொட்டுத் தொட்டு எடுங்கள்: ஒருமுறைகூட 0.00 எட்டிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஐந்தாவது பைட் சோதனை வேலை செய்யவில்லை. கடைசியாகச் சிவப்பை மட்டும் கழற்றுங்கள். சென்சர் டேட்டா வயரிலிருந்து கறன்டைத் திருடி உயிரோடு இருப்பதுபோல் நடிக்கும், பெரும்பாலும் 85 சொல்லும். அப்போதும் திரையில் வர வேண்டியது அந்த இரண்டு கோடுதான்.